உம்மாவின் ஸ்டேட்டஸில் வெலாரிஸ்

அத்தியாயம் 11

திங்கட்கிழமை ஷார்ஜாவிலிருந்து மகன் அப்துல்லா அனுப்பிய படத்தை ஜெகதாப்பட்டினத்து வீட்டில் யாரும் ஒரு தடவையோடு விடவில்லை. அபுபக்கர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சாரா உம்மாள் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

படத்தில் அப்துல்லா கறுப்பு ஜாக்கெட் போட்டு நின்றான். ஒன்பது வருஷம் ஒரு கார் ஷோரூமில் வண்டி கழுவியவன். இப்போதுதான் புதிதாக வந்து இறங்கும் கார்களைப் பிரித்து, சரிபார்த்து, காட்சிக்குத் தயார் செய்யும் பிரிவுக்கு அவனை மாற்றியிருந்தார்கள். அவனுக்குப் பின்னால் சாம்பல் நிறத் துணி போர்த்திய ஒரு கார் நின்றது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில், அவன் தங்கை மிஸ்பாவைக் கூப்பிட்டான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"நேத்து ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க. இனிமே உள்ள போன் கொண்டுபோக முடியாது. கேட்டுலயே குடுத்துரணும். போன மாசம் ஒருத்தன் உள்ள எடுத்த படத்தை வெளிய விட்டுட்டான்னு அந்த வாரமே ஊருக்கு ஏத்திட்டாங்களாம். நல்லவேளை, நான் எடுத்தது மொத நாளு. வீட்டு குரூப்புல மட்டுந்தான போட்டேன்."

"ஆமா காக்கா," என்றாள் மிஸ்பா. அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

போனை வைத்த பிறகுதான் படத்தை மறுபடி திறந்தாள். இந்தத் தடவை அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த காரைப் பார்த்தாள். இடப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே, துணி ஒரு சாண் அளவு விலகியிருந்தது. அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். வட்டமாக ஒரு மூடி தெரிந்தது.

அது புது வெலாரிஸ் கார் என்று அப்துல்லா திங்கட்கிழமையே உம்மாவிடம் சொல்லியிருந்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அதற்குப் பெட்ரோல் ஊற்றும் மூடி வலப்பக்கம் என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இடப்பக்கம் இன்னொரு மூடி இருக்கிறது என்றால் அது மின்சாரம் ஏற்றுவதற்கு.

மிஸ்பா யூகித்தது சரியாகிவிட்டது.

மிஸ்பா இயற்பியல் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தண்ணீர் கேட்பாள். ஆனால் எழுத வரும். இரண்டு வருஷமாகச் சென்னையிலிருந்து வரும் ஒரு வாகன இணைய இதழில் வாரம் ஒரு பத்தி எழுதிவந்தாள். எந்த வண்டியில் அடுத்து என்ன மாற்றம் வரும், எந்த வகை புதிதாக வரும் என்ற யூகம்தான் அந்தப் பத்தி. பெயர் போடும் இடத்தில் 'எம்.ஏ.' என்று மட்டும் இருக்கும்.

வெலாரிஸை இந்த மாவட்டத்தில் யாரும் வாங்கப்போவதில்லை. ஆனாலும் அதைப்பற்றி எழுதினால் அறந்தாங்கியிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் ஆட்கள் வந்து சண்டை போடுவார்கள். போன வருஷம் வந்த மாற்றத்தில் டிக்கியின் தரை நாலு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மிஸ்பா கண்டுகொண்டாள். காரணமில்லாமல் இடத்தைக் குறைக்க மாட்டார்கள், கீழே பாட்டரி வைக்கப்போகிறார்கள் என்று அப்போதே ஒரு பத்தியில் எழுதினாள். வலப்பக்கம் பெட்ரோல் குழாய் ஓடுவதால் சார்ஜ் மூடி இடப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலேதான் வர முடியும் என்பது வரை கணக்குப் போட்டு, இந்த வாரத்துக்கான பத்தியை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவைத்திருந்தாள். இந்தப் புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் அதை அனுப்ப வேண்டும். இந்தப் பத்தியில் முழுப் பெயரையும் போடலாம் என்று ஆசிரியர் செங்கமலம் முதல்முறையாகச் சொல்லியிருந்தார். மிஸ்பா அபுபக்கர்.

அவள் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அண்ணன் அந்தக் காரின் பக்கத்தில் நிற்கிறான். தங்கை அதே காரில் அதே இடத்தில் மூடி வரும் என்று எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமையே எழுதியது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

அப்போதுதான் போனில் உம்மாவின் பெயருக்குப் பக்கத்தில், புது ஸ்டேட்டஸைக் காட்டும் பச்சை வளையத்தைப் பார்த்தாள்.

சாரா உம்மாள் முந்தின நாள் மத்தியானமே ஆலங்குடிக்குப் போயிருந்தாள். அங்கே அவளுடைய தங்கை, மிஸ்பாவின் சாச்சி மைமூன், புது வீடு குடிபோகிறாள். புதன்கிழமை மத்தியானம் நபி புகழ் ஓதும் மௌலூது, அதன் பிறகு சாப்பாடு. போன இடத்தில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருக்க, ராத்திரி எட்டரை மணிக்கு மகன் படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். கீழே மூன்று பூக்கள்.

மிஸ்பா உடனே கூப்பிட்டு, அதை எடுக்க வழி சொன்னாள்.

"அந்த மூணு புள்ளிய அழுத்துங்க உம்மா."

"எங்கிட்டுடி புள்ளி இருக்கு? போனு காதுல இருக்கு."

"காதுலேர்ந்து எடுத்துட்டுப் பாருங்க."

இரண்டு தடவை எடுத்துப் பார்த்ததில் இரண்டு தடவையும் பேச்சு அறுந்துபோனது. மூன்றாவது தடவை, பக்கத்தில் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள், அவர்கள் அழித்துவிடுவார்கள் என்றாள் மிஸ்பா. அங்கேதான் தப்பு நடந்தது. அழிப்பது என்ற சொல் சாரா உம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

"எதுக்கு அழிக்கணும்? எம்புள்ள என்ன களவாண்டுக்கிட்டா நிக்கிறான்?"

வேலைக்கு ஆபத்து என்று மிஸ்பா சொல்வதற்குள் அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டுவிட்டது. பிறகு அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அபுபக்கர் ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மகள் சொன்னதை முழுவதும் கேட்டார். அது ராத்திரி எட்டரைக்குத் தானாகவே போய்விடும்தானே என்று கேட்டார். போய்விடும், ஆனால் அதற்குள் இன்னும் எத்தனை பேர் பார்ப்பார்களோ என்றாள் அவள். அவர் டிவிஎஸ்ஸைத் திருப்பி நிறுத்தி, பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன், ஏறு என்றார்.

அறந்தாங்கியில் இறங்கி ஆலங்குடி பஸ் மாறும்போது மணி பத்தே முக்கால். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முந்திரித் தோப்புகள் வந்து போய்க்கொண்டிருந்தன. மிஸ்பா ஞாயிற்றுக்கிழமை எழுதிய பத்தியைப் போனில் எடுத்துப் படித்தாள். வரக்கூடிய வகைகள் மூன்று என்று எழுதியிருந்தாள். கூரை திறக்கும் வகை ஒன்று. பந்தயத் தளத்துக்கென்று எடை குறைத்த வகை ஒன்று. மூன்றாவது, பாதி மின்சாரத்தில் ஓடும் வகை. மூடியைப் பற்றிய வரிகளை நீக்கிப் பார்த்தாள். அப்படி நீக்கினால் பாட்டரி அந்தரத்தில் நின்றது. பாட்டரியையும் நீக்கிப் பார்த்தாள். அப்புறம் அது அவள் எழுத்தாகவே இல்லை.

மாற்றி எழுதலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. மின்சார வகை வரவே வராது என்று. அந்த வரியை அடித்தாள். பார்த்தாள். அழித்தாள். தப்பாக யூகிப்பது பரவாயில்லை. தெரிந்துகொண்டே தப்பாக எழுதுவது வேறு.

மைமூன் வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடந்தது. பின்கட்டில் பிரியாணிச் சட்டியில் தம் போட்டிருந்தார்கள். சாரா உம்மாள் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை.

"வந்துட்டியா. சாச்சிட்ட மொதல்ல ஸலாம் சொல்லு. பொறவு எங்கிட்ட சண்டை போடு."

மிஸ்பா ஸலாம் சொன்னாள். மைமூன் அவள் கன்னத்தைத் தொட்டு, இளைத்துவிட்டாய் என்றாள். எல்லாப் பெண்களும் அப்துல்லாவைப் பற்றித்தான் கேட்டார்கள். ஜாக்கெட் அவனுக்கு எடுப்பாக இருக்கிறதாம். இனி மேனேஜர்தானாம். மிஸ்பா தலையாட்டினாள். வெங்காயத்தால் கண்ணில் நீர் வந்தது வசதியாகப் போயிற்று.

தாயை மாடிக்குக் கூட்டிப்போகவே கால் மணி நேரம் ஆனது. புது சுண்ணாம்பு வாசனை அடித்த அறையில் வைத்து, காலையில் அப்துல்லா சொன்னதை வரிக்கு வரி சொன்னாள். காகிதம், கையெழுத்து, ஊருக்கு ஏற்றப்பட்ட ஆள். சாரா உம்மாள் கையை நீட்டினாள்.

"எங்க, காட்டு."

மிஸ்பா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இந்த வட்டத்துக்காகவா ஒரு ஆள வேலைய விட்டு அனுப்புவாங்க?"

"இதை வெளிய காட்டுறதுக்குன்னு ஒரு நாள் வச்சிருப்பாங்க உம்மா. அதுக்கு முன்னாடி இது வெளிய வந்தா, யார் மூலமா வந்துச்சுன்னு தேடுவாங்க. அதுல காக்கா மூஞ்சியே இருக்கு."

சாரா உம்மாள் புடவைத் தலைப்பால் விரல்களைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"ஒம்பது வருஷமா கேக்குறவங்கள்ட்ட எல்லாம் கார் கம்பெனியில இருக்கான்னு சொல்லுவேன். என்ன வேலைன்னு கேட்டா அடுப்புல ஏதோ இருக்குன்னு உள்ள போயிருவேன். கழுவுறான்னு எவகிட்டயும் சொன்னதில்ல. மைமூனுக்கே தெரியாது. நேத்துதான் நானா எடுத்துக் காட்டுனேன்."

தாய் போனை மகள் கையில் வைத்தாள்.

"அழி."

அழித்தாள். அதற்கு முன்னால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டாள். நூற்றுப் பன்னிரண்டு.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. காரை வெட்டிவிட்டு, அண்ணனை மட்டும் வைத்து ஒரு படம் செய்தாள். இதை வைத்துக்கொள்ளுங்கள் உம்மா என்றாள். சாரா உம்மாள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"வேணாம். ஓட்டல் சர்வர் மாதிரி இருக்கான்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. தாய் முதலில் நிறுத்தினாள்.

"அந்தக் கார்க்காரத் தம்பி கேட்டதுக்குப் பதிலு வேற சொல்லிட்டேனே," என்றாள்.

"எந்தத் தம்பி?"

திருப்பதி. புதுக்கோட்டைக்காரன், டாக்சி ஓட்டுகிறவன். அப்துல்லா ஊருக்கு வரும்போதும் போகும்போதும் திருச்சி விமான நிலையத்துக்கு அவன் வண்டிதான். 'திருப்பதி கார்' என்றுதான் உம்மாவின் போனில் பெயர் இருந்தது. ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, அண்ணன் அருமையாக இருக்கிறார், பின்னால் நிற்பது என்ன வண்டி அம்மா என்று காலை ஏழு மணிக்குக் கேட்டிருந்தான். சாரா உம்மாளுக்குத் தட்டெழுத வராது. பேசி அனுப்பியிருந்தாள். மிஸ்பா அதைப் போட்டுக் கேட்டாள்.

"பேரு வாயில வரமாட்டேங்குது தம்பி. வெலாரிசோ என்னமோ. புது வண்டியாம், இன்னும் எந்த ஊர்லயும் யாரும் பாக்கலையாம். எம்மவன்தான் துணியப் பிரிக்கப் போறான்."

மிஸ்பாவுக்கு இந்தத் திருப்பதியை வேறு வகையிலும் தெரியும். அவளுடைய பத்திக்குக் கீழே வாராவாரம் வந்து மல்லுக்கட்டுகிறவர்களில் முதல் ஆள் அவன்தான். வெலாரிஸில் மின்சாரம் புகுந்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று எழுதியவன். கார்களுக்கென்றே ஒரு பக்கம் நடத்துகிறான். அதை ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள்.

முன்பின் பேசாத ஆளிடம் அவள் எழுதிவைத்துக்கொண்டுதான் பேசுவாள். மைமூன் சாச்சியின் அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் பேசவேண்டியதை நாலு வரியாக எழுதிக்கொண்டாள். தாய் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி செய்யவில்லை.

திருப்பதி அப்போது திருச்சி விமான நிலைய வாசலில் இருந்தான். ஒரு குடும்பத்துக்காகக் காத்திருக்கிறானாம். மிஸ்பா முதல் வரியைப் படித்தாள். அவன் இடைமறித்துவிட்டதால் மற்ற மூன்று வரிகளும் வீணாயின.

"இன்னும் என் பக்கத்துல போடலைங்க. எழுதிக்கிட்டிருக்கேன். எம்.ஏ.ன்னு ஒருத்தரு, ரெண்டு வருஷமா அவரோட சண்டை. அவரு வெலாரிஸ்ல மின்சாரம் வரும்னே சொல்லிக்கிட்டிருந்தாரு. ஸ்டேட்டஸ் படத்தை எடுத்து வச்சுப் பெரிசு பண்ணிப் பாத்தா இடப்பக்கம் மூடி வந்திருக்குங்க. நான் தோத்துட்டேன்னு நானே போட்டாத்தான மரியாதை?"

தோற்றவன் தோல்வியை ஒப்புக்கொள்ளப் போகிறான். அதைத் தடுக்க வேண்டும். மிஸ்பா அழைப்பிதழைக் கவிழ்த்து வைத்தாள்.

"அது நான்தான்," என்றாள்.

"எது நீங்க?"

"எம்.ஏ."

"ஆம்பளன்னு நெனச்சு கன்னாபின்னான்னு எழுதிட்டேனே," என்றான் திருப்பதி.

"பரவால்லங்க. அந்தப் படம் வெளிய வந்தா எங்க காக்காவுக்கு வேலை போயிரும். நீங்க தோக்கலைன்னே இருக்கட்டும்."

அவன் அதற்கு உடனே சரி என்றான். அண்ணனை ஒன்பது வருஷத்தில் நாலு தடவை ஏற்றிவிட்டது நான்தானே, ஒவ்வொரு தடவையும் சுங்கச்சாவடி வரைக்கும் பேசாமல்தானே வருவார் என்றான். படத்தை அழித்துவிட்டேன் என்று அந்த நேரத்திலேயே சொன்னான். பிறகு குரல் தாழ்ந்தது.

"ஒண்ணுங்க. காலையில எங்க டிரைவர் குரூப்புல போட்டேன். நாப்பது பேரு இருக்காங்க. இப்பவே எடுத்துடுறேன். ஆனா அதுக்குள்ள யாரு எங்கிட்டு அனுப்புனாங்கன்னு எனக்குத் தெரியாது."

மௌலூது தொடங்கிவிட்டது. கீழிருந்து ஓதும் சத்தம் வந்தது. சாரா உம்மாள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். மிஸ்பா மேலேயே நின்றாள்.

மூன்றரைக்குச் செங்கமலத்தைக் கூப்பிட்டு, இந்த வாரம் வெலாரிஸ் வேண்டாம் என்றாள். அறிவிப்புப் போட்டாயிற்றே, உன் பெயரோடு போட்டாயிற்றே என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"எனக்கு யூகம் இல்ல மேடம்."

"ஞாயித்துக்கிழமை இருந்துச்சே?"

"இருந்துச்சு."

செங்கமலம் நீண்ட நாள் பத்திரிகையில் இருந்தவர். மறுபடி கேட்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு யாரையாவது எழுதச் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரமும் அவரையே எழுதச் சொல்ல வேண்டிவரலாம் என்றும் சொன்னார். மிஸ்பா சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை எழுதியது போனில் அப்படியே இருந்தது. அதை அழிக்கவில்லை. யாருக்கும் அனுப்பவும் இல்லை.

இருவரும் ஜெகதாப்பட்டினம் திரும்பும்போது பொழுது சாய்ந்து மக்ரிபு தொழுகை நேரம். அபுபக்கர் தொழுதுவிட்டு வந்து, என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டார். ஸ்டேட்டஸ் போய்விட்டது என்று மிஸ்பா கையைக் காட்டினாள். சாரா உம்மாள் தூக்குவாளியில் கொண்டுவந்த பிரியாணியைத் தட்டில் வைத்தாள்.

ஏழரைக்கு அப்துல்லா கூப்பிட்டான். மிஸ்பா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். மறைக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். குரலைக் கேட்டதும் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கோபப்படவில்லை. அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"எத்தனை பேரு?"

"உம்மாவோடதுல நூத்திப் பன்னெண்டு. டிரைவர் குரூப்புல நாப்பது."

"உம்மா என்ன சொன்னுச்சு?"

"நீங்க மட்டும் தனியா இருந்தா ஓட்டல் சர்வர் மாதிரி இருக்கீங்களாம்."

அவன் சிரித்தான். அவன் பக்கத்தில் வண்டிகள் ஓடும் சத்தம்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றான். "பாஸ்போர்ட் காப்பி எடுத்துட்டு வரணுமாம். புது வேலைக்கு விசா மாத்துறதுக்குன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"அதுக்குத்தான் இருக்கும் காக்கா."

"இருக்கும்."

உம்மாவிடம் இதைச் சொல்லாதே என்றான். அதற்குள் சாரா உம்மாள் கொல்லைக்கு வந்துவிட்டாள். போனை வாங்கிக் காதில் வைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். அங்கே வெயில் எப்படி என்று கேட்டாள். ஸ்டேட்டஸ் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"அந்த ஜாக்கெட்டோட இன்னொரு படம் எடுத்து அனுப்பு வாப்பா. பின்னாடி வண்டிகிண்டி ஒண்ணும் வேணாம். வெறும் செவுரு போதும். நான் யாருக்கும் காட்டமாட்டேன். எனக்கு மட்டும்."

மிஸ்பா தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் சொன்ன பதில் வெளியே வரைக்கும் கேட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்குப் பொறவு அனுப்புறேன் உம்மா."

சாரா உம்மாள் அதை உள்ளே இருந்த அபுபக்கருக்கு உரக்கச் சொன்னாள். நாளைக்குப் பத்து மணிக்கு அப்புறம் படம் வருமாம், எங்கேயும் போய்விடாதீர்கள் என்று.